கொழும்பு சைக்கிளுக்கு என்ன வயசு?

“இது புயலுக்கு முந்தி வந்த சைக்கிள், தம்பி.”

இராமநாதபுரம் கடற்கரையில் எந்தப் பழைய சாமானின் வயதைக் கேட்டாலும் பதில் இப்படித்தான் வரும். எந்தப் புயல் என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைக் கொண்டுபோனதுதான் புயல். அதற்கப்புறம் வந்ததெல்லாம் வெறும் காத்துமழை. அடுத்த எல்லைக்கல் ‘கப்பல் நின்னது’. ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல் 1984-ல் நின்றது. அதற்கடுத்தது ‘பாலம் திறந்தது’. பாம்பன் ரோட்டுப் பாலம், 1988 அக்டோபர் 2. கல்யாணம், பிள்ளைப்பேறு, வீடு கட்டியது, கிரையம் முடித்தது எல்லாம் இந்த மூன்று கற்களுக்கு நடுவில் எங்கேயாவது உட்கார்ந்துவிடும்.

சைக்கிளைக் காட்டிச் சொன்னவருக்கு 78 வயது. கீழக்கரைக்காரர். உறவு ஒன்றும் கிடையாது, ஆனாலும் சின்ன வயதிலிருந்தே மாமா என்றுதான் கூப்பிடுவேன். என் அப்பா மண்டபத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த காலத்துப் பழக்கம். அவருடைய பேரன்தான் இரண்டு நாள் முன்னால் எனக்குப் போட்டோ அனுப்பியிருந்தான். “அண்ணே, விண்டேஜ் ரோட் பைக். 1960 மாடல். சென்னையில ஒருத்தர் கேக்குறாரு. என்ன விலை சொல்லலாம்?”

போட்டோவில் இருந்தது இங்கிலாந்துக் கம்பெனி சைக்கிளான ராலே. ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில் பார். முன்னால் சாய்ந்து இறங்கும் பைப்பில் இரண்டு கியர் லீவர். மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை. பார்த்தால் ரேஸ் சைக்கிள்தான். ஆனால் சீட்டு மட்டும் அகலமான தோல் சீட்டு, கீழே இரண்டு தடித்த ஸ்பிரிங். பந்தயக் குதிரைமேல் பல்லக்கைக் கட்டிய மாதிரி இருந்தது. 1960 என்பதை அப்போதே நான் நம்பவில்லை. சரி, நேரில் போய்ப் பார்ப்போம் என்று ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை 18 கிலோமீட்டர் இருக்கும். திருப்புல்லாணி தாண்டியதும் உதட்டை நக்கினால் உப்புக் கரிக்கும். பழைய சைக்கிள் பார்க்கிறவனுக்கு முதல் எதிரி இந்தக் காற்றுதான். கச்சானும் கொண்டலும் மாறி மாறி அடித்து இரும்பில் எது எழுதியிருந்தாலும் அரித்துவிடும். கோயம்புத்தூரில் 50 வருஷம் தாங்குகிற ஃபிரேம் நம் ஊரில் 20 வருஷத்தில் பொடிப்பொடியாக உதிரும். அதனால் இங்கே நான் இரும்பை அவ்வளவாக நம்புவதில்லை. அலுமினியம், பித்தளை, எண்ணெய்க்குள் ஊறிக் கிடந்த இரும்பு, இவற்றில் உள்ள எழுத்துதான் தப்பிக்கும்.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் முதல்முதலில் வயது பார்க்க உட்கார்ந்தது மண்டபத்தில் கிடைத்த ஒரு பழைய ஹெர்குலிஸ். சீட் பைப்பில் நம்பர் இருக்கும் என்று கேள்விப்பட்டு, துருவை எடுக்கிறேன் பேர்வழி என்று உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வெள்ளி மாதிரி வந்தது. நம்பரும் சேர்ந்து போய்விட்டது. நம்பர் என்பது இரும்பில் ஒரு மயிரிழை ஆழத்துக்கு அடித்த பள்ளம். துரு ஏற்கெனவே பாதியைத் தின்றிருக்கும், மீதியை உப்புத்தாள் தின்றுவிடும். அப்பா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. “நல்லா பாலிஷ் போட்டிருக்க” என்றார், அவ்வளவுதான்.

இப்போது செய்வது வேறு. மண்ணெண்ணெயில் நனைத்த துணியை நம்பர் இருக்கும் இடத்தில் சுற்றி அரை மணி நேரம் விட்டுவிடுவேன். பிறகு பழைய டூத் பிரஷ். காய்ந்ததும் முகப்பவுடரைத் தூவி உள்ளங்கையால் மெல்லத் துடைத்தால், பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். அப்படியும் தெரியாவிட்டால் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் படுக்கவைத்து அடித்தால் எழுத்து நிழல் கட்டும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பது கடைசி வழி, சின்னப் பிள்ளைகள் நாணயத்தைத் தேய்ப்பார்களே அப்படி.

மாமா வீட்டு முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தோம். ராலேயில் நம்பர் சீட் பைப் பக்கமும் இருக்கும், பெடல் அச்சு போகிற உருளைக்கு அடியிலும் இருக்கும். இதில் அடியில் இருந்தது. பவுடர் போட்டதும் முதலில் ஆங்கில எழுத்து ‘என்’ தெளிவாக வந்தது. அடுத்த எழுத்து பாதி போயிருந்தது. அதற்கடுத்து 4. பின்னால் வரிசையாகச் சில எண்கள், நடுவில் ஒன்றிரண்டு அரிப்பில் காணவில்லை.

பேரன் துள்ளினான். “நாலு! 64 தானே அண்ணே? புயல் வருஷம்!”

இல்லை. ராலேக்காரர்கள் இரண்டு எழுத்தில் ஆரம்பிக்கும் நம்பரை 1973 கடைசியில்தான் கொண்டுவந்தார்கள். முதல் எழுத்து தொழிற்சாலை. ‘என்’ என்றால் இங்கிலாந்தின் நாட்டிங்காம், ‘டபிள்யூ’ என்றால் ஒர்க்ஸாப் என்ற ஊர். இரண்டாவது எழுத்து வருஷத்துக்குள் எந்தக் காலம் என்பது. அதற்கடுத்த ஒற்றை எண் வருஷத்தின் கடைசி இலக்கம். ஆக இந்த 4 என்பது 1974 ஆக இருக்கலாம், 1984 ஆகவும் இருக்கலாம். 1964 ஆக இருக்க வழியே இல்லை.

மாமாவின் முகம் சுருங்கியது. நானும் உடனே 74-ஆ 84-ஆ என்று சொல்லிவிடவில்லை. பத்து வருஷ இடைவெளியை நம்பர் தீர்த்துவைக்காது. சுற்றியுள்ள சாமான்களைத்தான் கேட்கவேண்டும்.

பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொரு பல்சக்கரத்துக்குத் தள்ளுகிற கை இருக்கிறதே, டீரெய்லர், அது அலுமினியம். ஜப்பான் ஷிமானோ. ஷிமானோ சாமான்களின் முதுகில் பெரும்பாலும் இரண்டு ஆங்கில எழுத்து பொடிசாக அடித்திருப்பார்கள். முதலெழுத்து வருஷம்: ‘ஏ’ என்றால் 1976, ‘பி’ 1977, அப்படியே வரிசையாக. இரண்டாவது எழுத்து மாதம்: ‘ஏ’ ஜனவரி, ‘எல்’ டிசம்பர். டார்ச்சைப் படுக்கவைத்துப் பார்த்தேன். ‘எச்’, ‘எல்’. விரல் விட்டு எண்ணினால் ‘எச்’ 1983. 1983 டிசம்பரில் ஜப்பானில் வார்த்த கை, கீழக்கரை முற்றத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. உப்பு அதைத் தொடவே இல்லை.

இத்தாலிக்காரர்களின் கம்பக்னோலோ இன்னும் தாராளம். எழுபதுகளின் ரெக்கார்ட் டீரெய்லரில் ‘பேட்டன்ட்’ என்று போட்டுப் பக்கத்திலேயே 74, 78 என்று வருஷத்தைப் பச்சையாக எழுதிவிடுவார்கள். சக்கரத்தின் நடு உருளையான ஹப்பின் பூட்டு நட்டிலும் வருஷம் இருக்கும். பாவம், அந்தச் சாமானை இந்தக் கரையில் நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

ஆனால் டீரெய்லர் மாற்றுகிற சாமான். 1974 ஃபிரேமில் 1984-ல் யாரோ புதுசு மாட்டியிருக்கலாம். ஒரு பாகத்தின் தேதி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பாகம் இந்தச் சைக்கிளில் ஏறியது இந்தத் தேதிக்கு முன்னால் அல்ல. அதற்குப் பின்னால் எப்போது வேண்டுமானாலும் ஏறியிருக்கலாம். இதை மறந்தவர்கள்தான் பெடலில் உள்ள எழுத்தைப் பார்த்துவிட்டு ஃபிரேமுக்கு ஜாதகம் எழுதுகிறார்கள்.

அதனால் பின் சக்கரத்தைக் கழற்றி, ஃபிரேமில் சக்கர அச்சு உட்காருகிற இரண்டு காதுகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளந்தேன். 126 மில்லிமீட்டர். இது முக்கியம். பின்னால் ஐந்து பல்சக்கரம் இருந்த காலத்தில் அந்த இடைவெளி 120. ஆறு, ஏழு என்று ஆனபோது 126. எட்டு வந்தபோது 130. பல்சக்கரம் கூடக் கூட ஃபிரேமின் பின்கால்கள் அகன்றுகொண்டே போயின. இதில் ஃப்ரீவீலில், அதாவது பின்னால் உள்ள பல்சக்கரக் கட்டில், எத்தனை என்று எண்ணினேன், ஆறு. 1974-ல் கடையில் வாங்குகிற ராலேக்கு ஐந்துதான் வழக்கம். இரும்பு ஃபிரேமை நெம்பி அகட்டவும் முடியும் என்பதால் காதுகள் இணையாக இருக்கின்றனவா, பெயின்ட் வெடித்திருக்கிறதா என்று பார்த்தேன். யாரும் அகட்டவில்லை.

லீவரைத் தள்ளிப் பார்த்தேன். விரலுக்கு ‘டிக்’ என்று தட்டவில்லை, வழவழவென்று போனது. ஒவ்வொரு கியருக்கும் தட்டி நிற்கிற லீவரை ஷிமானோ 1984-ல் தன்னுடைய மேல்தட்டுச் சாமானில் கொண்டுவந்து, பிறகு கீழே இறக்கியது. தட்டியிருந்தால் 84-க்கு முந்தியதல்ல என்று சத்தியம் செய்யலாம். தட்டாததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மலிவான மாடல்களில் வழவழ லீவர் அதற்கப்புறமும் வந்தது. பிரேக் வயர் லீவரின் தலையிலிருந்து கொம்பு மாதிரி கிளம்பி வளைந்தது. எண்பதுகளின் நடுவில்தான் வயரை ஹேண்டில் டேப்புக்குள் ஒளிக்கிற பழக்கம் பரவியது. இதுவும் 84-க்குப் பொருந்துகிறது, 74-க்கும் பொருந்துகிறது.

எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 1984. நான் சொல்லிவிட்டேன்.

மாமா எழுந்து உள்ளே போனார். கோபமோ என்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, சீட்டின் ஸ்பிரிங்கைச் சுட்டிக்காட்டினார். “அப்ப இதுக்கு என்ன சொல்றீங்க தம்பி?”

ஸ்பிரிங்கோடு சேர்த்து முறுக்குக் கம்பியில் கட்டியிருந்தது ஒரு பித்தளை வில்லை. பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இது தெரியாது: ஒரு காலத்தில் சைக்கிளுக்கும் வரி உண்டு. முனிசிபாலிட்டியிலோ பஞ்சாயத்திலோ பணம் கட்டினால் வருஷம் போட்ட வில்லை தருவார்கள். அதைச் சைக்கிளில் கட்டாமல் போனால் மடக்கிப் பிடித்துக் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள். அப்பா கடையில் மார்ச் முடிந்தால் வில்லை மாற்றுகிற வேலையே ஒரு நாள் ஓடும். களிம்பைப் புளி போட்டுத் தேய்த்தேன். 61-62.

பேரன் என்னைப் பார்த்தான். மாமா என்னைப் பார்த்தார். அரசாங்க முத்திரை. எனக்கும் ஒரு நிமிஷம் தொண்டை அடைத்தது.

நம்மூரில் அரசாங்க முத்திரையை வயதுக்கு ஆதாரமாக எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. மாமாவின் ஆதாரில் பிறந்த நாள் ஜூன் 1. அவர் தலைமுறையில் பாதிப் பேர் ஜூனில்தான் பிறந்திருக்கிறார்கள், பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் அது. “கைய தலையைச் சுத்திக் காதைத் தொடச் சொன்னாரு சார்வாள், தொட்டேன், அஞ்சு வயசுன்னு போட்டுக்கிட்டாரு” என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். ஆனால் பித்தளை வில்லையில் அப்படிக் கருணை காட்ட யாரும் இல்லை. 61-62 என்றால் 61-62 தான்.

வேறு வழி தெரியாமல் மாமாவிடமே கேட்டேன். இந்தச் சைக்கிளை முதலில் ஓட்டியது ஞாபகம் இருக்கா?

“இல்லாம? எங்க பெரிய காக்கா, அதான் மூத்த அண்ணன், கொழும்புலேர்ந்து கப்பல்ல கொண்டாந்தாங்க. கொழும்பு சைக்கிள்னுதான் தெருவுல பேரு. எனக்குப் பதினாலு வயசு. பாருக்குள்ள காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டுத்தான் பழகினேன். காக்கா அசர் தொழுகைக்குப் போன நேரம் பாத்து எடுத்துக்கிட்டு ஓடுவேன். சத்தத்துலயே கண்டுபிடிச்சுருவாங்க.”

என்ன சத்தம்?

“மிதிக்க மிதிக்க டிக் டிக் டிக்னு வருமே, அந்தச் சத்தம்.”

மிதிக்கும்போதா, மிதிக்காமல் சும்மா உருளும்போதா என்று கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, கையைப் பெடல் மாதிரி சுற்றி யோசித்தார். “மிதிக்கும்போதுதான் தம்பி. நல்லா ஞாபகம் இருக்கு.”

இந்த ஆறு பல்சக்கர ராலே மிதிக்கும்போது சத்தம் போடாது. இதன் ஃப்ரீவீல் கால் நின்ற பிறகுதான் பேசும். மிதிக்கும்போதே டிக் டிக் என்று எண்ணிக்கொண்டு வருவது உலகத்திலேயே பிரபலமான ஒரு ஹப்: ஸ்டர்மி ஆர்ச்சர் ஏ.டபிள்யூ., சக்கரத்தின் வயிற்றுக்குள்ளேயே மூன்று கியர். இரண்டாவது, மூன்றாவது கியரில் அது கடிகாரம் மாதிரி டிக்கடிக்கும். நாட்டிங்காமில் செய்து இங்கிலாந்து சைக்கிள்களில் ஏற்றி உலகம் முழுக்க அனுப்பினார்கள். கொழும்புக்கு வராமலா?

அறுபது வருஷத்துக்கு முந்திய சத்தத்தைக் காது சரியாக வைத்திருக்கிறது. கண் வேறு சைக்கிளைக் காட்டுகிறது. அப்படியென்றால் சைக்கிள் இரண்டு.

“மாமா, வீட்டில் வேற பழைய சக்கரம் ஏதாவது கிடக்கா?”

பரணில் இருந்தது. கிழிந்த வலை, உடைந்த மரக்கால், கல்யாணத்துக்கு வாங்கிய தேக்சாக்கள், இவற்றுக்கெல்லாம் பின்னால் சாக்கில் சுற்றிய ஒரு சக்கரம். பேரன் ஏணி போட்டு இறக்கினான். ரிம் முழுக்கத் துரு, பாதி ஸ்போக்ஸ் கம்பி ஒடிந்து கிடந்தது. எண்ணினால் 40 துளை. இங்கிலாந்துக்காரர்கள் முன்னால் 32, பின்னால் 40 என்றுதான் போடுவார்கள்; நம் கருப்பு சைக்கிள்களுக்கும் அதே கணக்கு அங்கிருந்து வந்ததுதான். நடுவில் தடித்த ஹப். அதற்கு எண்ணெய் விடுவதற்கென்றே ஒரு குட்டி மூடி. காக்கா எண்ணெயைக் கஞ்சத்தனம் இல்லாமல் விட்டிருக்கிறார், உள்ளேயிருந்து கசிந்து கசிந்து ஹப்பின் மேலெல்லாம் தார் மாதிரி பூசிக்கொண்டிருந்தது. அந்த அழுக்குதான் அதைக் காப்பாற்றியிருக்கிறது. மண்ணெண்ணெய்த் துணியால் ஒரு சுற்றுத் துடைத்தேன். ஸ்டர்மி ஆர்ச்சர், ஏ.டபிள்யூ., இங்கிலாந்து, அப்புறம் 58, 11.

இதற்குப் பவுடரும் வேண்டாம், டார்ச்சும் வேண்டாம். ஸ்டர்மிக்காரர்கள் ஹப்பிலேயே வருஷத்தையும் மாதத்தையும் அடித்துவிடுவார்கள். 1958 நவம்பர். பழைய இங்கிலாந்து சைக்கிள் கையில் வந்தால் நான் முதலில் பார்ப்பது பின் ஹப்பைத்தான், ஃபிரேம் நம்பரையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். 58 நவம்பரில் செய்த ஹப், 59 வாக்கில் சைக்கிளாகிக் கொழும்புக் கடைக்கு வந்து, 61-ல் தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, கீழக்கரையில் வரி கட்டி வில்லை வாங்கியிருக்கிறது. கணக்கு அழகாக உட்கார்ந்தது. அப்போது பாம்பனுக்கு ரோடு கிடையாது, சைக்கிளையும் ரயிலில் ஏற்றித்தான் இந்தக் கரைக்குக் கொண்டுவந்திருப்பார்கள்.

ஆனால் வில்லை எப்படி இந்த 84-ல் வந்து தொங்குகிறது?

அதற்குப் பதில் அடுப்படியிலிருந்து வந்தது. மாமி இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. சுலைமானி போட்டு எடுத்துக்கொண்டு வந்தவர், தட்டை வைத்துவிட்டுச் சொன்னார்: “அது கொழும்பு சைக்கிள் இல்லையே. கொழும்பு சைக்கிளு கவுந்து முன்பக்கம் முறிஞ்சுபோச்சு, பழைய இரும்புக்குப் போட்டாங்க. இது பெரிய காக்கா சிங்கப்பூர்லேர்ந்து சிதம்பரம் கப்பல்ல கொண்டாந்தது. நம்ம ரெண்டாவது மவ வயித்துல இருந்தா. வந்த ரெண்டு மூணு மாசத்துல அந்தக் கப்பல் எரிஞ்சுபோச்சுன்னு சொல்லி எல்லாரும் அழுதோமே.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எம்.வி. சிதம்பரம், மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய பயணிகள் கப்பல். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது, பலர் இறந்தார்கள், அதோடு அந்தக் கப்பலின் ஓட்டமே முடிந்தது. இந்தக் கரையில் அதில் பெட்டி அனுப்பாத வீடு குறைவு.

பாகங்கள் ‘இதற்கு முன்னால் இல்லை’ என்று மட்டும்தான் சொல்லும் என்றேனே. ‘இதற்குப் பின்னால் இல்லை’ என்று சொல்ல எந்தச் சாமானாலும் முடியாது. அதை மாமி சொல்லிவிட்டார். ஃபிரேம் 1984, கீழக்கரைக்கு வந்தது 84 கடைசிக்குள். இவ்வளவு இறுக்கமாக ஒரு சைக்கிளின் வயதை நான் அதுவரை கண்டுபிடித்ததில்லை, அதிலும் கடைசி ஆணியை அடித்தது நான் இல்லை.

மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவருக்கும் ஒவ்வொன்றாக வந்தது. சிங்கப்பூர் சைக்கிளின் பிளாஸ்டிக் சீட்டு வெயிலில் வெடித்துப்போனது. காக்காவுக்கு முதுகுவலி. பழைய சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதை எடுத்து இதில் மாட்டினார்கள். சீட்டோடு ஸ்பிரிங்கில் கட்டிய வில்லையும் கூடவே வந்தது. சீட்டு ஏறியதும் தெருவில் மறுபடியும் கொழும்பு சைக்கிள் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பேர் ஒட்டியிருந்தது சீட்டில்தான் போலிருக்கிறது. இரண்டு சைக்கிள் ஒன்றாயிற்று, இரண்டு கப்பலும் ஒன்றாயிற்று. காக்கா மவுத்தான பிறகு பிரித்துச் சொல்ல ஆள் இல்லை. மாமியிடம் யாரும் கேட்கவில்லை.

அப்புறம் ஏன் இதை ஓட்டாமல் போட்டுவிட்டார்கள் என்று கேட்டேன். “டயர் கிடைக்கலை தம்பி.” இது நான் எதிர்பார்த்ததுதான். இந்த மாதிரி சைக்கிள்கள் நம் ஊரில் செத்தது துருவால் இல்லை, 5 மில்லிமீட்டரால். நம் சாதாரணக் கருப்பு சைக்கிளின் 28 இஞ்ச் டயர் உட்காருகிற ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர். இந்த ராலேயில் இருப்பது 27 இஞ்ச், 630. கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. கடைக்காரர் 28-ஐ மாட்டிக் கொடுப்பார், காற்று அடித்ததும் ஒரு பக்கம் பிதுங்கி டப்பென்று வெடிக்கும். இப்போது வருகிற ரேஸ் சைக்கிள்களின் 700 டயர் 622. அது இதில் ஏறவே ஏறாது. ராமநாதபுரம் பஜாரில் மூன்று கடை ஏறி இறங்கிப் பார்த்திருக்கிறார்கள், அதோடு பரணுக்குக் கீழே சுவரோரம் சாத்தியாகிவிட்டது.

இந்த அளவையும் வயது பார்க்க வைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்து, ஜப்பான் கம்பெனிகளின் நடுத்தர ரோட் சைக்கிள்கள் எண்பதுகளில்தான் 27-ஐ விட்டு 700-க்கு மாறின. எண்பதுகளின் கடைசியில் 27 புதிதாக வருவது அபூர்வம்.

பேரனுக்கு இன்னும் விலைக்கவலை. சென்னைக்காரரிடம் என்ன சொல்வது? ஃபிரேம் 1984 நாட்டிங்காம், கியர் ஷிமானோ, சீட்டு அதைவிட 20 வருஷத்துக்கு மேல் மூத்தது என்று உள்ளதைச் சொல் என்றேன். சொல்லியிருக்கிறான். 1960 இல்லையா என்று கேட்டு அவர் போனை வைத்துவிட்டாராம்.

மாமாவுக்கு அதில் வருத்தம் இல்லை. அவர் பழைய சக்கரத்தை மடியில் வைத்திருந்தார். எண்ணெய் மூடியைத் திறந்து தையல் மெஷின் எண்ணெய் கொஞ்சம் விட்டேன். அச்சைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினோம். முதலில் சத்தமே இல்லை, உள்ளே டிக் டிக் போடுகிற இரும்பு நாக்குகள் பிசுக்கில் ஒட்டிக் கிடந்திருக்கும். மண்ணெண்ணெய் ஒரு சொட்டு, மறுபடி எண்ணெய், பத்துப் பதினைந்து சுற்று. பிறகு ஒரு டிக். கொஞ்சம் விட்டு இன்னொன்று. அப்புறம் ஒழுங்காக வர ஆரம்பித்தது.

“இதுதான்” என்றார் மாமா. அடுப்படியைப் பார்த்து, “கேக்குதா?” என்று சத்தமாகக் கேட்டார். “கேக்குது, கேக்குது” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

கிளம்பும்போது ராலேயை நானே எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். நியாயமான விலை ஒன்று பேசிக்கொண்டோம். வண்டியில் ஏற்றப் போகும்போது மாமா ஸ்பானர் கேட்டார். சீட் போல்ட்டை அவரே தளர்த்தி, தோல் சீட்டை வில்லையோடு உருவி எடுத்துக்கொண்டார்.

சீட்டு இல்லாத 84 ராலே இப்போது என் வீட்டுத் திண்ணையில் நிற்கிறது. 27 இஞ்ச் டயர் இன்னும் கிடைக்கவில்லை.